இரண்டாம் குவார்ட்டர்பேக்: ஆகஸ்டு மாதப் போட்டியும் அதன் குறையும்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவர், எறிந்த பந்தைப் பிடிக்கிறவர், எதிராளியைப் பாய்ந்து மடக்குகிறவர் எனப் பலரும் ஆட்டத்தின் நடுவே மாறி மாறிக் களத்துக்குள் வந்துபோவார்கள். ஒருவர் களைத்தால் இன்னொருவர் இறங்குவார். குவார்ட்டர்பேக்குக்கு அந்த வழக்கம் கிடையாது. தன் அணியிடம் பந்து இருக்கும் நேரமெல்லாம் அவரேதான் களத்தில் நிற்பார். ஏறக்குறைய ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் அவர் கைக்கு வரும். யாருக்குக் கொடுப்பது, யாரை நோக்கி எறிவது என்று இரண்டு மூன்று வினாடிக்குள் அவர் முடிவெடுத்தாக வேண்டும். அவருக்கு அடிபடாமல் இருந்தால், அவருக்கு அடுத்த இடத்தில் இருப்பவர் பருவம் முழுக்க ஒரு பந்துகூட எறியாமல் வீடு திரும்பலாம். கிரிக்கெட் பார்ப்பவர்கள், அணியோடு ஊர் ஊராகப் போய் ஆடாமலே திரும்பும் இரண்டாவது விக்கெட் கீப்பரை நினைத்துக்கொள்ளலாம்.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஒவ்வொரு ஆண்டும் ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்டு முடியும் வரை கடும் போட்டி நடக்கிறது. இந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் 32 அணிகளிலும் இரண்டு மூன்று பேர் அதற்காக முட்டி மோதுகிறார்கள். நாளேடுகளில் இந்தச் செய்தி விளையாட்டுப் பக்கத்தின் மூலையில்தான் வரும். ஆனால் இந்த லீக்கின் வரலாற்றைத் திருப்பிய முடிவுகளில் பல, அந்த மூலைச் செய்தியில் தொடங்கியவை. அந்தப் போட்டி எப்படி நடக்கிறது, எதை அளக்கிறது, சரியான ஆளைத்தான் தேர்ந்தெடுக்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆகஸ்டில் வைக்கப்படும் தேர்வுக்கும், பருவத்தின் நடுவே அந்த மனிதருக்கு வந்து சேரும் வேலைக்கும் பெரிதாகத் தொடர்பில்லை.

முதலில் கணக்கு. பயிற்சி முகாமில் ஒவ்வோர் அணியிலும் 90 பேர். ஆகஸ்டு இறுதியில் ஒரே நாளில் அது 53 ஆகக் குறையும். முன்பு இந்தக் குறைப்பு இரண்டு கட்டமாக நடந்தது. 2017-இல் அது ஒரே வீச்சாக மாறியது; நடுவே சில ஆண்டுகள் தவிர, அப்படியே நடக்கிறது. அந்த 53 இடங்களில் குவார்ட்டர்பேக்குகளுக்கு அணிகள் ஒதுக்குவது பெரும்பாலும் இரண்டு, தாராளமாக இருந்தால் மூன்று. மூன்றாவது ஆளுக்குத் தரும் இடத்தில் களத்தில் நாள்தோறும் உழைக்கும் ஒரு தடுப்பாட்டக்காரரை வைத்துக்கொள்ளலாமே என்ற கணக்கு எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் உண்டு. வெட்டப்பட்ட இளைஞரைப் பிறகு பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் அதிலும் ஆபத்து இருக்கிறது. நான்கு பருவ அனுபவம் நிரம்பாத ஒருவரை நீக்கினால் மற்ற 31 அணிகளில் எது வேண்டுமானாலும் அவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். யாரும் கேட்காவிட்டால்தான் பழைய அணி அவரைத் தன் 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவுக்குத் திரும்ப அழைக்க முடியும்.

தேர்வுக் களமும் சுருங்கிவிட்டது. பருவத்துக்கு முந்தைய ஆட்டங்கள் 2021 முதல் நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தன. 2011-ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஒப்பந்தம் ஒரே நாளில் இரண்டு முறை முழுப் பயிற்சி நடத்தும் பழைய வழக்கத்தை ஒழித்தது. பருவத்தின்போது முழுக் கவசத்துடன் 14 பயிற்சிகளுக்கு மேல் கூடாது என்றும் வரம்பு வைத்தது. ஆட்டக்காரர்களின் உடல்நலத்துக்கு அது நல்ல முடிவு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நேரம் குறையும்போது முதலில் பறிபோவது இரண்டாம் மூன்றாம் ஆட்களின் பங்குதான். முதலிடத்துக்காரருக்குத் தேவையான பயிற்சி அப்படியே இருக்கும். மிச்சத்தை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வார்கள்.

இந்தப் போட்டியில் நல்ல கண்கள்கூட எவ்வளவு தவறிப்போகும் என்பதற்கு 1994-ஆம் ஆண்டு கிரீன் பே பேக்கர்ஸ் முகாமை விடப் பெரிய சான்று இல்லை. பிரெட் ஃபார்வ் முதலிடத்தில். அவருக்குப் பின்னால் மார்க் புரூனெல், டை டெட்மர். நான்காவதாக, டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வில்) எந்த அணியும் தேர்ந்தெடுக்காத ஓர் இளைஞர்: வடக்கு அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கர்ட் வார்னர். முகாம் முடியும் முன்னரே அவரை அனுப்பிவிட்டார்கள். தலைமைப் பயிற்சியாளர் மைக் ஹோம்கிரன் குவார்ட்டர்பேக்குகளை வளர்ப்பதில் பெயர் பெற்றவர், ஆள் தெரியாதவர் அல்ல. அவர் கீழ் ஃபார்வுக்குப் பின்னால் அந்த ஆண்டுகளில் காத்திருந்த புரூனெல், டெட்மர், மேட் ஹாசெல்பெக் ஆகிய மூவரும் பின்னாளில் வேறு அணிகளில் முதலிடத்துக்கு வந்தார்கள். அத்தகைய பட்டறையிலும் வார்னருக்கு இடமில்லை. இதைப் பயிற்சியாளரின் குற்றமாக நான் பார்க்கவில்லை. நான்காவது ஆளைப் பார்த்து முடிவெடுக்கப் போதுமான நகர்வுகள் அந்த முகாமில் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

வார்னர் ஊருக்குத் திரும்பி சீடர் ஃபால்ஸில் ஹை-வீ மளிகைக் கடையில் மணிக்கு ஐந்தரை டாலர் சம்பளத்தில் இரவு நேரத்தில் அலமாரிகளுக்குச் சரக்கு அடுக்கினார். பிறகு அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்னும் உள்ளரங்கக் கால்பந்து அணி. 1998-இல் என்எஃப்எல் ஐரோப்பாவில் நடத்திய லீக்கில் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ். அதே ஆண்டு செயின்ட் லூயிஸ் ராம்ஸில் மூன்றாம் ஆள். 1999-இல் கிளீவ்லாந்து அணி புதிதாகத் தொடங்கியபோது, மற்ற அணிகள் காப்பாற்ற விரும்பாத ஆட்டக்காரர்களின் பட்டியலிலிருந்து அவர்கள் ஆள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ராம்ஸின் பட்டியலில் வார்னரின் பெயர் இருந்தது. கிளீவ்லாந்து எடுக்கவில்லை. அந்த ஆகஸ்டில் முதலிடத்துக்கு வாங்கப்பட்ட டிரென்ட் கிரீனுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. வேறு வழியில்லாமல் வார்னர் இறங்கினார். 41 டச்டவுன் எறிதல்கள் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுக்கும் எறிதல்கள்), லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் டென்னசியை 23-16 என்று வென்று கோப்பை. ஐந்தே மாதத்தில் எல்லாம் நடந்தது.

நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் கதை எல்லாரும் அறிந்தது. ஆனால் அதில் எல்லாரும் தாண்டிப்போகும் ஒரு பகுதி இருக்கிறது. டாம் பிரேடி 2000 டிராஃப்டில் 199-ஆவது ஆளாக வந்தார் என்பதைச் சொல்லாதவர் இல்லை. அந்த ஆண்டு பேட்ரியட்ஸ் நான்கு குவார்ட்டர்பேக்குகளை வைத்துக்கொண்டது: டிரூ பிளெட்சோ, ஜான் ஃப்ரீஸ், மைக்கேல் பிஷப், பிரேடி. நான்கு பேரை வைத்துக்கொள்வது அன்றும் அரிது. பிரேடி அந்தப் பருவம் முழுக்க எறிந்தது மூன்றே பந்து. 2001 வசந்தத்தில் பிளெட்சோவுக்குப் பத்தாண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம். இரண்டாம் இடத்துக்கென்று டேமன் ஹூயர்டை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். அந்த முகாமில் பிரேடி ஹூயர்டை முந்தினார். யாரும் பெரிதாக எழுதவில்லை. செப்டம்பர் 23 அன்று ஜெட்ஸ் அணியின் மோ லூயிஸ் மோதியதில் பிளெட்சோவுக்கு மார்புக்குள் இரத்தக் கசிவு ஏற்பட்டபோது, களத்தோரத்தில் அடுத்து நின்றவர் பிரேடி. ஆகஸ்டில் அந்தச் சின்னப் போட்டியின் முடிவு மாறியிருந்தால் அன்று இறங்கியிருப்பவர் ஹூயர்ட். பிரேடி வென்ற ஏழு கோப்பைகளின் கதைக்குத் தொடக்கம், என் பார்வையில், அந்த மோதலுக்கு ஒரு மாதம் முன்னால் இருக்கிறது.

அதே பருவத்தில் பிளெட்சோ செய்ததையும் சொல்லியாக வேண்டும். உடல் தேறி வந்தவருக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை, களத்தோரத்தில் நின்றார். ஜனவரியில் பிட்ஸ்பர்கில் நடந்த மாநாட்டு இறுதியில் (சூப்பர் பௌலுக்கு முந்தைய ஆட்டத்தில்) பிரேடிக்குக் கணுக்காலில் அடிபட, பிளெட்சோ இறங்கி டேவிட் பேட்டனுக்கு டச்டவுன் எறிந்தார். அணி வென்று சூப்பர் பௌலுக்குப் போனது. இடம் பறிபோன மனிதர் மாதக்கணக்கில் ஆடாமல் நின்றும், கூப்பிட்ட நேரத்தில் அப்படி ஆடினார். இரண்டாம் ஆளுக்குரிய மனநிலைக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அண்மைக் காலத்தில் இந்தப் போட்டியின் எல்லா முகங்களையும் ஒரே இடத்தில் காட்டிய அணி சான் பிரான்சிஸ்கோ 49எர்ஸ். 2021 டிராஃப்டில் மூன்று முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளைக் கொடுத்து மூன்றாம் இடத்துக்கு ஏறி டிரே லான்ஸைப் பிடித்தார்கள். 2022-இல் அவர்தான் முதலிடம் என்று அறிவித்தார்கள். பழைய முதலிடத்துக்காரர் ஜிம்மி கரோப்போலோவை விற்றுவிட எண்ணினார்கள். தோளில் அறுவைச் சிகிச்சை செய்திருந்ததால் வாங்க ஆளில்லை. இரண்டாம் இடத்துக்கு நேட் சட்ஃபெல்டை உறுதித் தொகை கொடுத்துச் சேர்த்திருந்தார்கள். டிராஃப்டின் கடைசித் தேர்வாக, 262-ஆவது ஆளாக, பிராக் பர்டி வந்து சேர்ந்தார். கடைசியில் தேர்வாகிறவரை 'திருவாளர் பொருட்டில்லை' என்ற பொருளில் அழைத்து அங்கே ஒரு விழாவே எடுப்பார்கள். ஆகஸ்டு கடைசியில் கரோப்போலோ சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு தங்கச் சம்மதித்தார். அப்போது வெளியே போக வேண்டியவர் பர்டி என்றே யாரும் நினைத்திருப்பார்கள். அணி சட்ஃபெல்டை அனுப்பிவிட்டுப் பர்டியை வைத்துக்கொண்டது. உறுதித் தொகையைக் கொடுத்தே அனுப்பியது. அந்த முகாமில் அவரிடம் கண்டதை நம்பி, காசை இழக்கத் துணிந்த முடிவு அது.

இரண்டாவது வாரமே லான்ஸுக்குக் கணுக்கால் முறிந்தது. டிசம்பர் 4 அன்று கரோப்போலோவுக்குப் பாதம் முறிந்தது. பர்டி இறங்கி, பருவத்தில் மீதமிருந்த ஆட்டங்களையும் தொடர் இறுதிக் கட்டத்தில் இரண்டு ஆட்டங்களையும் வென்று தந்தார். 2023 ஜனவரி 29, ஃபிலடெல்ஃபியாவில் மாநாட்டு இறுதி. தொடக்கத்திலேயே பர்டியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. நான்காவது ஆளாக ஜோஷ் ஜான்சன் இறங்கினார். லீக்கில் அவரளவுக்கு அதிக அணிகளில் சட்டை மாற்றியவர் வேறு யாரும் இல்லை. டிசம்பரில்தான் இங்கே வந்திருந்தார். அவருக்கும் தலையில் அடி. வேறு ஆளில்லாததால் எறிய முடியாத கையோடு பர்டியே திரும்பி வந்தார். பந்தை வாங்கி ஓடுகிறவரிடம் கொடுப்பது மட்டும்தான் அவரால் முடிந்தது. 70,000 பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஓர் அணி குவார்ட்டர்பேக் இல்லாமல் மாநாட்டு இறுதியை ஆடி முடித்தது. 31-7 என்று தோல்வி.

அந்த அவமானம் விதியை மாற்றியது. 1991 முதல் 2010 வரை, ஆட்ட நாள் பட்டியலுக்கு வெளியே ஒரு மூன்றாம் குவார்ட்டர்பேக்கை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற விதி இருந்தது. 2011-இல் அதை எடுத்துவிட்டார்கள். 2023 மே மாதம் உரிமையாளர்கள் அதை மீண்டும் கொண்டுவந்தார்கள். அதைக் கொண்டுவர இரண்டரை ஆண்டுக்கு முன்னாலேயே காரணம் இருந்தது என்பது என் கருத்து. 2020 நவம்பர் 29 அன்று, கொரோனாத் தொற்று விதிகளால் டென்வர் பிராங்கோஸின் குவார்ட்டர்பேக்குகள் நால்வரும் ஆட முடியாமல் போனார்கள். பயிற்சிக் குழுவிலிருந்து கெண்டல் ஹின்டன் என்னும் பந்து பிடிக்கும் ஆட்டக்காரரை, கல்லூரியில் ஒரு காலத்தில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர் என்பதற்காக, முந்தின நாள் கூப்பிட்டுக் களத்தில் விட்டார்கள். ஒன்பது முறை எறிந்தார். ஒன்றுதான் தன் அணியின் கைக்குப் போனது, 13 கெஜம். இரண்டை எதிரணி பறித்தது. 31-3 என்று தோல்வி. ஹின்டனைக் குறை சொல்ல எதுவுமே இல்லை. ஒரு நாள் தயாரிப்பில் இந்த வேலை நடக்காது என்பதை அவர் தன் உடம்பைக் கொடுத்து நிரூபித்தார்.

49எர்ஸ் கதை இன்னும் ஒரு ஆகஸ்டு நீள்கிறது. 2023 முகாமில் பர்டிதான் முதலிடம் என்று தெளிவாகிவிட்டது. இரண்டாம் இடத்துக்கு லான்ஸும் சாம் டார்னல்டும் மோதினார்கள். டார்னல்ட் நியூயார்க் ஜெட்ஸும் கரோலைனாவும் கைவிட்டவர். அவர் வென்றார். மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளுக்கு வாங்கிய லான்ஸை இரண்டே நாளில் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்காக டாலஸுக்குக் கொடுத்தார்கள். டார்னல்ட் ஓராண்டு களத்தோரத்தில் நின்று கற்றார். 2024-இல் மினசோட்டாவுக்குப் போய், அங்கே முதலிடத்துக்கென்று வந்த புதியவருக்கு முழங்கால் அடிபட்டதால் இறங்கி, 14 வெற்றிகளோடு பருவத்தை முடித்தார். அடுத்த ஆண்டு சியாட்டில் அவருக்கு மூன்றாண்டுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. இரண்டாம் இடத்துக்கான ஒரு போட்டியில் வென்றதால் ஒருவர் தொழில் வாழ்க்கை மீண்டது. தோற்றதால் ஒருவர் தொழில் வாழ்க்கை தேங்கியது.

இனி முகாமின் தேர்வுமுறை. பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களில் இரண்டாம் மூன்றாம் குவார்ட்டர்பேக்குகள் இறங்குவது பிற்பாதியில். எதிரே நிற்பவர்களில் பாதிப்பேர் அடுத்த வாரம் வேலை இழக்கப் போகிறவர்கள். முன்னே நின்று மறிப்பவர்களும் அப்படியே. எதிரணி தன் உண்மையான உத்திகளை வெளியே காட்டாது. அங்கே எடுத்த எண்களை வைத்து ஒருவரை எடைபோடுவது, மாமன் வீட்டுக் குளத்தில் நீந்தியவரைக் கடலுக்கு அனுப்புவது போலத்தான்.

பருவம் தொடங்கியதும் நிலைமை இன்னும் மோசம். புதன் முதல் வெள்ளி வரை பயிற்சி. முதல் அணியோடு நடக்கும் நகர்வுகளில் ஏறக்குறைய எல்லாமே முதலிடத்துக்காரருக்கு. இரண்டாம் ஆள் அந்த நேரத்தில் தன் அணியின் தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிரணிக் குவார்ட்டர்பேக் போல நடித்துக் காட்டுவார். உதவிப் பயிற்சியாளர் ஓர் அட்டையைத் தூக்கிப் பிடிப்பார். அதில் வரும் ஞாயிறு எதிரே ஆடப்போகும் அணியின் உத்தி வரையப்பட்டிருக்கும். அதைப் பார்த்து எறிவார். வாரம் முழுக்க அவர் பழகுவது பகைவரின் ஆட்டத்தை. ஞாயிற்றுக்கிழமை முதலிடத்துக்காரர் கீழே விழுந்தால் ஆட வேண்டியது சொந்த அணியின் ஆட்டத்தை.

இண்டியனாபோலிஸில் பெய்டன் மேனிங் 1998 முதல் 2010 வரை 208 பருவ ஆட்டங்களைத் தொடர்ந்து ஆடினார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களுக்குப் பயிற்சியே அரிதாகத்தான் கிடைத்தது. 2011-இல் கழுத்து அறுவைச் சிகிச்சையால் அவர் ஆட முடியாமல் போக, ஓய்வு பெற்றிருந்த கெரி காலின்ஸை ஆகஸ்டில் கூப்பிட்டு வந்தார்கள். முதல் 13 ஆட்டங்களும் தோல்வி. ஆண்டுக்கணக்கில் இரண்டாம் ஆளே தேவைப்படாமல் இருந்த அணி அதற்கு மொத்தமாகக் கொடுத்த விலை அது.

2025-இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய ஓர் ஆய்வுக்கூடச் சோதனையே நடத்திக் காட்டியது. முகாமில் நான்கு பேர்: 40 வயதான ஜோ ஃபிளாக்கோ, கென்னி பிக்கெட், மூன்றாம் சுற்றில் வந்த டில்லன் கேப்ரியல், ஐந்தாம் சுற்றில் 144-ஆவதாக வந்த ஷெடூர் சாண்டர்ஸ். சாண்டர்ஸ் புகழ்பெற்ற டியான் சாண்டர்ஸின் மகன்; முதல் சுற்றில் போவார் என்று பலரும் எழுதியிருந்தார்கள். முதல் முன்னோட்ட ஆட்டத்தில் கரோலைனாவுக்கு எதிராக இரண்டு டச்டவுன் எறிந்தார். கடைசி முன்னோட்ட ஆட்டத்தில் ஐந்து முறை வீழ்த்தப்பட்டார். பிக்கெட்டை ஆகஸ்டிலும் ஃபிளாக்கோவை அக்டோபரிலும் வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். கேப்ரியல் முதலிடத்துக்கு வந்தார், சாண்டர்ஸ் இரண்டாமிடத்துக்கு. நவம்பர் 16 அன்று கேப்ரியலுக்குத் தலையில் அடிபட, முதல் அணியோடு பயிற்சியே இல்லாமல் சாண்டர்ஸ் இறங்கினார். 16 எறிதலில் நான்குதான் சேர்ந்தது. அடுத்த வாரம் முழுக்க முதல் அணியோடு பயிற்சி. நவம்பர் 23 அன்று லாஸ் வேகாஸில் 209 கெஜம் எறிந்து 24-10 என்று வென்றார். எதிரணியின் தரம் வேறு, ஆடுகளம் வேறு என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் ஒரே ஆள், ஒரே கை; நடுவே மாறியதில் பெரியது ஒரு வாரப் பயிற்சி.

இதற்கு எதிர்ச்சான்றாக எல்லாரும் ஜோஷுவா டாப்ஸைச் சொல்வார்கள். 2023 ஆகஸ்டில் கிளீவ்லாந்து, தன் புதிய இளைஞர் முன்னோட்ட ஆட்டங்களில் நன்றாக ஆடினார் என்று நம்பி, டாப்ஸை அரிசோனாவுக்குக் கொடுத்தது. அக்டோபர் 31 அன்று அரிசோனா அவரை மினசோட்டாவுக்குக் கொடுத்தது. ஐந்தாம் நாள் அட்லாண்டாவில் ஆட்டம். மினசோட்டாவின் இளம் குவார்ட்டர்பேக் முதல் கால்பகுதியிலேயே அடிபட்டு வெளியேற, டாப்ஸ் இறங்கினார். முதல் அணியோடு ஒரு நகர்வுகூடப் பழகவில்லை. உடன் ஆடுகிறவர்கள் பலரின் பெயரே தெரியாது. பந்தை எப்போது பின்னுக்குத் தர வேண்டும் என்று தான் குரல் கொடுக்கும் விதத்தைக் களத்தோரத்தில் நின்று முன்வரிசைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். தலைமைப் பயிற்சியாளர் கெவின் ஓ'கானல் தலைக்கவசத்திலுள்ள ஒலிபெருக்கி வழியே ஒவ்வொரு நகர்வையும் விளக்கினார். நகர்வுக்கு 15 வினாடி மிச்சமிருக்கும்போது அந்த இணைப்பு தானாகவே அறுந்துவிடும். அதற்குமேல் அவர் தனி. தொடக்கத்தில் தடுமாறி, பந்தைத் தவறவிட்டு, பிறகு 66 கெஜம் ஓடி, 22 வினாடி மிச்சமிருக்கையில் வெற்றி டச்டவுனை எறிந்தார். 31-28.

டாப்ஸ் விண்வெளிப் பொறியியல் பட்டதாரி. புதிய பாடத்தை வேகமாக ஏற்றுக்கொள்ளும் தலை அவருடையது. ஓ'கானலும் ஒரு காலத்தில் நியூ இங்கிலாந்தில் இரண்டாம் மூன்றாம் இடத்தில் நின்றவர்; காதில் என்ன சொன்னால் அந்த நேரத்தில் உதவும் என்று அறிந்தவர். முன்னோட்ட ஆட்டத்தின் எண்கள் டாப்ஸின் இந்தத் திறனைக் காட்டவே முடியாது. அவரை விட்டுக்கொடுத்த கிளீவ்லாந்துக்கு அந்த நவம்பரிலேயே வேறு ஆள் தேவைப்பட்டது. வீட்டில் இருந்த 38 வயது ஜோ ஃபிளாக்கோவைக் கூப்பிட்டார்கள். அவர் ஐந்தில் நான்கை வென்று அணியை இறுதிக் கட்டத்துக்குக் கொண்டுபோனார். பத்தாண்டு அனுபவம் கொடுக்கும் அமைதியும் ஆகஸ்டு எண்களில் வராது.

தன் போட்டி தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொண்ட அணியும் உண்டு. 2024 ஆகஸ்டில் கிரீன் பேயில் ஷான் கிளிஃபர்டும் மைக்கேல் பிராட்டும் இரண்டாம் இடத்துக்கு மோதினார்கள். இருவருமே போதாது என்று அணி முடிவுசெய்து, டென்னசியில் யாருக்கும் வேண்டாதவராக இருந்த மாலிக் வில்லிஸை ஓர் ஏழாம் சுற்றுத் தேர்வுக்கு வாங்கியது. இரண்டே வாரத்தில், பிரேசிலில் நடந்த முதல் ஆட்டத்தில், ஜோர்டன் லவ்வுக்கு முழங்காலில் அடி. அடுத்த ஆட்டத்தில் பயிற்சியாளர் மேட் லஃப்ளூர் வில்லிஸை 14 முறைதான் எறியவிட்டார். 53 முறை பந்தை ஓட்டமாகவே எடுத்துப் போனார்கள். வெற்றி. அதற்கடுத்த வாரம் வில்லிஸைக் கைவிட்ட டென்னசியையே வென்றார்கள். வந்து மூன்று வாரமான மனிதருக்கு எது தெரியுமோ அதற்கு ஏற்ப ஆட்டத்தையே வெட்டித் தைத்தார்கள். இந்த இடத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் அணிகள் முதலில் கற்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

ஒருமுறை சரியாக ஆடியவர் மறுமுறையும் ஆடுவார் என்பதற்கு உத்தரவாதமில்லை. சின்சினாட்டியின் ஜேக் பிரவுனிங் 2023 முகாமில் டிரெவர் சீமியனை முந்தி இரண்டாமிடம் பிடித்தார். நவம்பரில் ஜோ பரோ மணிக்கட்டு அடிபட்டு வெளியேறியதும், ஜாக்சன்வில்லில் 37 எறிதலில் 32-ஐச் சேர்த்துக் கூடுதல் நேரத்தில் வென்றார். 2025-இல் பரோவுக்கு மீண்டும் அடி, மீண்டும் பிரவுனிங். இந்த முறை தடுமாறினார். சின்சினாட்டியும் ஃபிளாக்கோவைத்தான் வாங்கியது.

ஆட்டத் திறனுக்கு வெளியே உள்ள காரணங்களையும் பேசாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. கறுப்பினத்தவர் குவார்ட்டர்பேக்காக இருக்கத் தக்கவர் அல்லர் என்ற எண்ணம் இந்த லீக்கில் நெடுங்காலம் கோலோச்சியது. வாரன் மூன் 1978-இல் டிராஃப்டில் இடம்பெறாமல் கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணிக்கு ஐந்து கோப்பைகளை அடுத்தடுத்து வென்று தந்த பிறகுதான் இங்கே அழைப்பு வந்தது. டக் வில்லியம்ஸ் 1987 பருவத்தை வாஷிங்டனில் ஜே ஷ்ரோடருக்குப் பின்னால் தொடங்கினார். 1988 ஜனவரி 31 அன்று சூப்பர் பௌலில் அவரே இறங்கி, இரண்டாம் கால்பகுதியில் மட்டும் அணி 35 புள்ளி எடுக்க, டென்வரை 42-10 என்று வீழ்த்திச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். காலின் கேப்பர்னிக் 2012-இல் இரண்டாம் இடத்திலிருந்து எழுந்து 49எர்ஸைச் சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோனவர். 2016-இல் இன அநீதியை எதிர்த்துத் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார். அந்தப் பருவத்தில் 16 டச்டவுன், நான்கே பறிகொடுத்தல். அதன் பிறகு எந்த அணியும் அவரை இரண்டாம் இடத்துக்குக்கூட எடுக்கவில்லை. அவர் தொடுத்த முறையீட்டை 2019 பிப்ரவரியில் லீக் சமரசம் பேசி முடித்தது. அவரைவிடத் தெளிவாகக் குறைந்தவர்கள் அந்த ஆண்டுகளில் இரண்டாம் இடங்களில் அமர்ந்திருந்தார்கள். இரண்டாம் ஆள் சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்ற எழுதாத விதி இந்த இடத்துக்கு உண்டு. அந்த விதி ஒரு மனிதரின் தொழிலை முடித்தது என்பது இந்த லீக்கின் மீதுள்ள கறை.

நல்ல பக்கமும் இருக்கிறது. 1972-இல் மயாமியின் பாப் கிரீசிக்கு ஐந்தாம் ஆட்டத்தில் கால் முறிந்தபோது இறங்கியவர் 38 வயது ஏர்ல் மாரல். நூறு டாலர் கொடுத்து மயாமி எடுத்த ஆள். அந்த அணி ஒரு தோல்வியும் இல்லாமல் 17-0 என்று முடித்தது. அதற்குப்பின் வேறெந்த அணியும் தோல்வியே காணாமல் கோப்பை வென்றதில்லை. 2018 பிப்ரவரியில் சூப்பர் பௌலில் ஃபிலடெல்ஃபியா 41-33 என்று நியூ இங்கிலாந்தை வென்ற இரவில் குவார்ட்டர்பேக், கார்சன் வென்ட்ஸுக்கு மாற்றாக வந்த நிக் ஃபோல்ஸ். தலைமைப் பயிற்சியாளர் டக் பீடர்சன், ஃபார்வுக்குப் பின்னால் நின்றவர். தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஃபிராங்க் ரைக், பஃபலோவில் ஜிம் கெல்லிக்குப் பின்னால் நின்று, 1993 ஜனவரியில் 32 புள்ளி பின்தங்கிய ஆட்டத்தை மீட்டு வென்றவர். களத்தோரத்தில் நிற்பதன் வலியறிந்த இருவர் களத்தோரத்திலிருந்து வந்த ஒருவருக்கு உத்தி வகுத்தார்கள். ஃபோல்ஸ் 373 கெஜம் எறிந்தார்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது நான் வந்து சேரும் முடிவு இது. இரண்டாம் குவார்ட்டர்பேக்கைத் தேர்வுசெய்ய மூன்று முன்னோட்ட ஆட்டங்களின் எண்கள் போதா. ஒரு வாரத்தில் எவ்வளவு கற்கிறார், பழகாத ஆட்களோடு எப்படிப் பேசுகிறார், தவறிய நகர்வுக்கு அடுத்த நகர்வில் என்ன செய்கிறார் என்பவற்றைப் பார்க்க வேண்டும். தேர்ந்தெடுத்த பின் அவரை அட்டை பார்த்து எறிய மட்டும் விடக்கூடாது. வாரத்தில் ஒரு பயிற்சிப் பகுதியையாவது முதல் அணியோடு அவருக்குத் தர வேண்டும். மூன்றாம் நான்காம் ஆட்களுக்கு உண்மையான ஆட்டம் வேண்டும். அதற்கு ஒரு வழி முன்பு இருந்தது: என்எஃப்எல் ஐரோப்பாவில் நடத்திய லீக். 1998-இல் ஆம்ஸ்டர்டாம் அணியில் வார்னருக்கு மாற்றாக நின்றவர் ஜேக் டெலோம். 2003 பருவத்தில் கரோலைனாவின் முதல் ஆட்டத்தில் இடைவேளைக்குப் பிறகு இரண்டாம் ஆளாக இறங்கி, அந்த அணியைச் சூப்பர் பௌல் வரை கொண்டுபோனவர். லண்டன் அணியில் ஆடிய பிராட் ஜான்சன் டாம்பா பேவுக்குக் கோப்பை வென்று தந்தார். அந்த ஐரோப்பிய லீக்கை என்எஃப்எல் 2007-இல் மூடியது. அதன் பிறகு தனக்கென்று அப்படி ஒன்றை அது நடத்தவில்லை.